ஔவையாரும் முதுமைக் கோலமும்

பண்டைக் காலத்தைக் களமாகக் கொள்ளும் புனைவுகளில் ஆற்றல் மிக்க பெண்ணொருத்தியைப் படைக்கும் ஆசிரியர், அவ்வாற்றல் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கூறுதல் வேண்டும். அரசியாயின் குடிப்பிறப்பே விடையாகும். பாடிப் பரிசில் பெறும் ஒருத்தி வேந்தர்முன் அஞ்சாது உரைத்தாள் எனின், அதற்கு விடை யாது? ஔவையார் கதையைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

கொத்தமங்கலம் என்னும் ஊர்ப்பெயரால் அறியப்பெற்ற சுப்பு இயக்கி, 1953இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'ஔவையார்' திரைப்படம் தரும் விடை நாடறிந்தது. மணத்தை விரும்பாத இளம்பெண் விநாயகரை வேண்டி முதுமை பெறுகிறாள். அதன் பின்னரே ஊர்தோறும் சென்று பாடுகிறாள். வழிவழி வந்த செவிவழிக் கதையையே படம் தழுவிற்று. கே. பி. சுந்தராம்பாளின் பாட்டும் நடிப்பும் அக்கோலத்தை மக்கள் உள்ளத்தில் நிலைபெறச் செய்தன.

சங்க நூல்களோ வேறு கூறுகின்றன. ஔவையார் பெயரால் வழங்கும் 59 பாடல்களுள் 33 புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் 89ஆம் பாட்டு விறலி கூற்றாக அமைந்தது. பகைவேந்தன் ஒருவன் அவளை மையுண்ட கண்ணும் ஒளிமிக்க நெற்றியும் உடையவளாக விளித்து, நும் நாட்டில் போரிடுவார் உளரோ என வினவுகிறான். அவள் தன் தலைவனின் போர்வேட்கையை எடுத்துரைத்து அவனை எச்சரிக்கிறாள். 95ஆம் பாட்டின் அடிக்குறிப்பு, அதியமானுக்காக அவர் தொண்டைமானிடம் தூது சென்றதைக் குறிக்கிறது. நெய் பூசிக் காவலில் வைத்த தொண்டைமான் படைக்கலங்களைப் புகழ்வார்போல், அதியமானின் கருவிகள் போரில் முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதை அவர் சுட்டுகிறார். முதுமையோ வரமோ இங்குப் பேசப்படவில்லை. சொல்வன்மை ஒன்றே படைக்கலமாயிற்று.

இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? சங்கப் புலவரும் ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையாரும் மக்கள் வழக்கில் ஒருவராயினர் என்பது ஒரு காரணம். மற்றொன்று நுண்ணியது. இளம்பெண் தனித்துச் செல்லவும் அவையில் உரைக்கவும் இடந்தராத காலத்தார், அவள் இளமையை நீக்கியே அவளைப் போற்ற முடிந்தது எனக் கருதுகிறோம். அப்புனைவு புலவரின் பெயரைக் காத்தது. ஆயின் இளமையோடே அவைபுகுந்த விறலியை மறைத்தது. புறநானூறு கற்பிப்போர் 89ஆம் பாட்டை 95ஆம் பாட்டோடு இணைத்துக் கற்பிப்பின், அவ்விறலி மீண்டும் மாணவர் கண்ணுக்குப் புலப்படுவாள்.