காலங்கடந்த ஜலம்

2016-ம் வருஷத்து வடகிழக்குப் பருவ மழை பொய்த்ததையும், 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசங்களெனப் பிரகடனம் செய்யப்பட்டதையும் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். பயிர் கருகிய பிறகே வறட்சியைப் பற்றிப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் கருகலோ வியாதியின் முடிவேயன்றி ஆரம்பமன்று.

வேரில் ஈரம் குறைந்ததும் பயிர் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளுகிறது. இதனால் நீர் விரயமாவது குறைகிறது. ஆனால் உணவு சமைக்க வேண்டிய கரியமிலவாயு உட்புகுவதும் குறைகிறது. வெயிலோ ஓய்வதில்லை. இலை ஏற்கும் ஒளியின் சக்தி உபயோகமற்று மிஞ்சி, பிராணவாயுவையே நாசகரமான உருவங்களாக மாற்றிவிடுகிறது. இவை ஸெல்களைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வின் கொழுப்பைத் தாக்குகின்றன. சவ்வு பழுதுற்றால் உள்ளிருக்கும் பொட்டாசியம் முதலிய உப்புகள் கசிந்துவிடுகின்றன. இலைத்துண்டுகளைச் சுத்த ஜலத்திலிட்டு, அந்த ஜலம் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறதென்று அளந்தே விஞ்ஞானிகள் இச்சேதத்தை மதிப்பிடுகிறார்கள்.

பயிரும் வாளாவிருப்பதில்லை. அதனிடம் என்ஸைம்கள் என்னும் காவலாளிகள் உண்டு. ஸூப்பராக்ஸைட் டிஸ்மியூட்டேஸ் என்பது அந்த நச்சுருவங்களில் ஒன்றை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. கட்டலேஸ் அதைச் சாதாரண ஜலமாகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடுகிறது. வறட்சி கடுமையாகி நீடித்தால் இக்காவல் தளர்ந்துபோகிறது.

எல்லாவற்றினும் கொடியது நெல்லின் சூல் பருவத்தில் நேரும் வறட்சி. மகரந்தப் பைகளில் சர்க்கரையைப் பக்குவப்படுத்தும் இன்வெர்ட்டேஸ் என்ற என்ஸைம் அப்போது குன்றுகிறது. மகரந்தத்தில் மாவு சேராமல் அது மலடாகிறது. பின்னர் தண்ணீர் விட்டால் இலை பசுமையாய் நிமிரும். கதிரிலோ பதரே மிஞ்சும். பச்சை வயலைக் கண்டு சேதமில்லையென்று எழுதிச் செல்வது எவ்வளவு பெரிய அநீதி!

வறட்சி தாங்கும் ரகங்கள் இல்லாமலில்லை. 2010-ல் இந்தியாவில் வெளியிடப்பட்ட ஸஹபாகி தான் அவற்றில் ஒன்று. ஆயினும் எந்த ரகமும் ஜலத்துக்கு ஈடாகாது. ஆகவே, உள்ள நீர் சொற்பமாயினும், கடைமடை வயல்களுக்கும் சூல் பருவத்தில் அது எட்டும்படி முறை வகுப்பதும், சேதத்தை இலையின் நிறத்தால் அன்றிக் கதிரின் மணியால் மதிப்பதும் சர்க்காரின் கடமையென்பது நமது அபிப்பிராயம். பருவம் தவறி வந்த ஜலம் வைக்கோலை வளர்க்கும். குடியானவன் குடும்பத்தைக் காப்பாற்றாது.