உங்களுக்குத் தெரியுமா? ஒரே மலை, ஐந்து வாழ்க்கை

மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். இதற்குள் சுமார் 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு ஏறிவிடுகிறோம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. பயிரும் பிழைப்பும் அதற்கேற்ப மாறுகின்றன.

● அடிவாரம்: பாக்கு, வாழை, தென்னை.
● பர்லியாறு: பலா, மங்குஸ்தான், துரியன், நறுமணப் பயிர்கள்.
● குன்னூர்: தேயிலைத் தோட்டங்கள், தொழிற்சாலைகள், ஏல மையம்.
● ஊட்டி: உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், சுற்றுலா.
● மேட்டு நிலம்: தோடர் பழங்குடியினரின் எருமைகள் மேயும் புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு.

இந்தப் புல்வெளியும் சோலையும் மழைநீரைத் தேக்கி, ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுகின்றன. அந்த ஓடைகள் பவானி ஆற்றில் சேர்ந்து அடிவார வயல்களுக்குப் பாய்கின்றன. உச்சியைக் காப்பது சமவெளி விவசாயியையும் காப்பதாகும்.