ஏரிக்கும் ஒரு பேரேடு உண்டு

நாம் பிழைக்க வந்த பெங்களூருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது. கடல் மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. பெய்த மழை நாலாபக்கமும் வழிந்து ஓடிவிடும். ஆகவே முன்னோர்கள் பள்ளங்களின் குறுக்கே கரை போட்டு, ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும்படி சங்கிலித் தொடராக ஏரிகளை அமைத்தார்கள். வட ஆற்காடு, தென்னாற்காடு ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்ம ஊரிலும் இதே ஏற்பாடுதான்.

இன்றைக்கு இந்த ஏரிகள் பத்திரிகையில் வருவது நுரைக்காகவும் நெருப்புக்காகவும்தான். 2015 மே மாதம் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றியது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் பெல்லந்தூரில் மறுபடி நெருப்பு. "தண்ணி எப்படிங்க எரியும்?" என்று கேட்டுவிட்டு நாம் அடுத்த பக்கம் போய்விடுகிறோம். ஏரியை ஆராய்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தக் கேள்விக்கு நாமே பதில் சொல்லலாம். நான் கல்லூரியில் படித்தவன் அல்ல. கடையில் உட்கார்ந்து படித்தவன். ஆகையால் கணக்குப் பாஷையிலேயே சொல்கிறேன்.

ஏரி ஒரு சிற்றுலகம்

1887-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர், ஏரியை ஒரு சிற்றுலகமாக வைத்து ஆராய வேண்டும் என்று எழுதினார். மீனைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அது தின்னும் பூச்சி, பூச்சி தின்னும் பாசி, பாசியை வளர்க்கும் உப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. உயிர்களை வரிசைப்படுத்திப் பார்ப்பது நமக்கும் புதிதல்ல. தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது நண்டையும் தும்பியையும் நான்கறிவில் வைத்தார். சமண நூல்களோ தண்ணீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்கின்றன.

பிராணவாயு: வரவும் செலவும்

ஏரியின் கைமுதல் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் அளவுக்குத்தான் அது கரையும். வெயில் ஏற ஏற இன்னும் குறையும். காற்றிலிருந்து கொஞ்சம், பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெளிவிடுவது கொஞ்சம்: இதுவே வரவு. மீனும் பூச்சியும் மூச்சு விடுவதும், கழிவைத் தின்னும் பாக்டீரியா எடுத்துக்கொள்வதும் செலவு. மீன் நலமாக வாழ 4 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

சாக்கடை என்பது இந்தக் கணக்கில் ஏறும் கடன். அதை அளக்கும் சோதனைக்குப் பி.ஓ.டி. என்று பெயர். ஒரு லிட்டர் நீரிலுள்ள கழிவை பாக்டீரியா சிதைக்க எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் கேட்கிறது என்பதே அது. குளிக்கத் தகுந்த நீரில் இது 3-ஐத் தாண்டக் கூடாது. சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடையில் 200, 300 என்று இருக்கும். கையில் எட்டு ரூபாய் வைத்திருப்பவன் மேல் முந்நூறு ரூபாய்க் கடனை ஏற்றினால் என்ன ஆகும்?

மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் சாவது ஏன் என்பதும் இதில் விளங்கிவிடும். இரவில் வெயில் இல்லை, வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் விடிய விடிய நடக்கிறது. ஆக்சிஜன் அடியோடு தீர்ந்தபின் சேற்றில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கி மீத்தேன் என்ற எரிவாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுவும், மேலே மிதக்கும் எண்ணெய்க் கழிவும், காய்ந்த களையும், குப்பையும் எரியக்கூடியவை. தண்ணீர் எரியவில்லை, நாம் அதில் போட்டது எரிந்தது.

வட்டிக்கு வட்டி

கடனைவிடப் பொல்லாதது பாஸ்பரஸ். 1973-இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஓர் ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பசேலென்று பாசி பொங்கியது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பாஸ்பரஸ் மனிதக் கழிவிலும், பாஸ்பேட் கலந்த சலவைத் தூளிலும் இருக்கிறது. பாசி செத்து அழுகும்போது அதுவும் ஆக்சிஜனைக் கேட்கிறது. வட்டிக்கு வட்டி என்பது இதுதான். ஆகாயத்தாமரை ஏரியை மூடிக்கொள்வதும் இந்த உரத்தினால்தான். சோப்பு கலந்த நீர் கலங்கலில் உயரத்திலிருந்து விழும்போது மாவுபோல் நுரை எழும்புகிறது.

நாமே பார்க்கலாம்

1865-இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி, வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எத்தனை ஆழத்தில் மறைகிறது என்று அளந்தார். இன்றும் ஏரி ஆராய்ச்சியில் அந்தத் தட்டு உண்டு. கறுப்பும் வெள்ளையுமாக, 20 செ.மீ. அகலம். மாதம் ஒருமுறை அதே இடத்தில் அளந்து நோட்டில் எழுதிவந்தால் பள்ளிப் பிள்ளைகளே ஓர் ஏரியின் போக்கைச் சொல்லிவிடலாம். பெரியவர்கள் கூட இருக்க வேண்டும்.

பூச்சிகளும் சாட்சி சொல்லும். தும்பியின் இளம்பருவம் தண்ணீருக்குள்தான். பலவகைத் தும்பிக் குஞ்சுகள் இருந்தால் நல்ல அறிகுறி. சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் ஆக்சிஜன் குறைவு என்று பொருள். நம் ரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் அவற்றுக்கு இருப்பதால் அந்தப் பஞ்சத்திலும் பிழைத்துக்கொள்கின்றன.

வழி இல்லாமலும் இல்லை. ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீரைச் சம்பு வளர்ந்த சதுப்பின் வழியாக விட்டு, அதன் பிறகே ஏரியில் சேர்த்தார்கள். நிலையம் கடனைக் குறைக்கிறது, சம்பு உரத்தைக் குறைக்கிறது. ஆனால் இடையில் சுத்திகரிக்காத சாக்கடை நுழைந்தால் இத்தனையும் வீண்.

தண்ணீர் எங்கே போகிறது?

பெல்லந்தூர் நீர் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தட்சிண பினாகினிக்கும் போகிறது. அந்த ஆற்றுக்குத் தமிழில் தென்பெண்ணை என்று பெயர். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் தாண்டிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கெலவரப்பள்ளியிலும் நுரை பொங்கியதை நம்மவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஆற்றங்கரைகளிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் இருந்து வந்தவர்கள் இந்தச் சங்கத்தில் எத்தனை குடும்பம்! இங்கே நாம் தொட்டியில் கொட்டியது, நம் பங்காளிகளின் வயலுக்குத்தான் போகிறது.

எங்கள் வீடுகளில் தண்ணீரை வடிகட்டிக் குடிப்பது விரதம். அதோடு முடியாது. வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, தண்ணீர் எடுத்த அதே கிணற்றிலோ குளத்திலோ பதமாகத் திரும்ப விட வேண்டும். ஒரு நீரின் உயிர் வேறொரு நீரில் பிழைக்காது என்பது அதன் உட்பொருள். எடுத்ததை எடுத்தபடி திருப்பித் தருவதுதான் வியாபாரத்திலும் நாணயம். நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்பு இயந்திரம் தினமும் ஓடுகிறதா, மின்சாரச் செலவுக்குப் பயந்து நிறுத்திவைத்திருக்கிறார்களா என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். பாஸ்பேட் இல்லாத சலவைத் தூளைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு நோட்டும் தட்டும் கொடுங்கள். பேரேடு எழுதத் தொடங்கினாலே பாதிக் கடன் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.