இரட்டைக் குழந்தைகள்: நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

கருவில் வளர்வது இரட்டைக் குழந்தைகள் என்று தெரிந்ததும் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டாக்டர், இரண்டும் ஒரே மாதிரி இருக்குமா?" அடுத்து, "சிசேரியன்தான் செய்ய வேண்டுமா?" என்று கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பவர்கள் மிகச் சிலர். "நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?" என்பதே அது.

அந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும், அதற்கான விடையை உலகின் பல நாடுகளைச் சேர்ந்த தாய்மார்களும் மருத்துவர்களும் சேர்ந்து எவ்வாறு கண்டறிந்தார்கள் என்பதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

உருவ ஒற்றுமை வேறு, நஞ்சுக்கொடி வேறு

இரு முட்டைகள் தனித்தனியே கருவுற்றால் உருவாகும் இரட்டையர், உடன்பிறந்தோரைப் போன்றவர்கள். இவர்களுக்கு எப்போதும் இரண்டு நஞ்சுக்கொடிகள் இருக்கும். கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்தால் உருவாகுபவர்கள் உருவ ஒற்றுமை உள்ள இரட்டையர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு, பிரிவு மிக விரைவாக நிகழ்ந்துவிடுவதால், தனித்தனி நஞ்சுக்கொடிகள் அமைகின்றன. எஞ்சியவர்கள் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்து வளர்கின்றனர்.

ஆகவே, குழந்தைகள் ஒரே மாதிரி இருப்பார்களா என்பது கருக்காலத்தில் சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. தாயிடமிருந்து உணவையும் உயிர்க்காற்றையும் பெற்றுத் தரும் நஞ்சுக்கொடியை அவர்கள் பங்கிடுகிறார்களா என்பதே தீர்மானிக்கிறது.

பங்கீடு தவறும்போது

ஒரே நஞ்சுக்கொடியில் இரு சிசுக்களின் இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். பெரும்பாலும் இரு திசைகளிலும் இரத்த ஓட்டம் சமநிலையில் இருப்பதால் தீங்கு நேர்வதில்லை. ஆனால் இத்தகைய கருப்பங்களில் 100க்கு 10 முதல் 15 வரை அச்சமநிலை குலைகிறது. ஒரு சிசுவிடமிருந்து மற்றொன்றுக்கு இரத்தம் மிகுதியாகச் செல்கிறது. கொடுக்கும் சிசுவின் பனிக்குட நீர் வற்றுகிறது. பெறும் சிசுவின் இதயம் மிகைச் சுமையால் தளர்கிறது; அதன் பனிக்குடத்தில் நீர் பெருகுகிறது. இரட்டையரிடை இரத்த மாற்றக் கோளாறு எனப்படும் இது, ஸ்கேன் அறிக்கைகளில் டி.டி.டி.எஸ். என்று குறிக்கப்படும். பொதுவாக 16 முதல் 26 வாரங்களுக்குள் இது தோன்றுகிறது. கடுமையான நிலையில் சிகிச்சையின்றி விட்டால், பெரும்பாலும் இரு சிசுக்களையும் இழக்க நேரிடும்.

தொடக்கத்தில் தாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். ஸ்கேன் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

ஒரே மருத்துவமனையால் ஏன் முடியாது?

இக்கோளாறுக்கு எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதை ஒரு மருத்துவமனை தனித்து அறிய முயன்றால் என்ன ஆகும்? உலக அளவில் 1000 பிரசவங்களுக்கு ஏறத்தாழ 12 இரட்டைப் பிரசவங்கள் நிகழ்கின்றன. ஆண்டுக்கு 5000 பிரசவங்கள் நடைபெறும் பெரிய மருத்துவமனையில் 60 இரட்டைப் பிரசவங்கள் இருக்கலாம். அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12, ஒரே நஞ்சுக்கொடி உள்ளவை என்று கொள்வோம். அவற்றுள் ஒன்றிலோ இரண்டிலோதான் இக்கோளாறு தோன்றும். இந்த வேகத்தில் நம்பத்தக்க ஓர் ஆய்வை முடிக்க ஒரு மருத்துவரின் வாழ்நாள் போதாது.

இரட்டையர் குறித்த ஆய்வில் நாடுகள் கைகோப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். இத்துறை அறிஞர்களை ஒன்றிணைக்கும் பன்னாட்டு இரட்டையர் ஆய்வுக் கழகம் 1974இல் ரோம் நகரில் தொடங்கப்பட்டது. அரிதாக நிகழும் ஒன்றைப் பல நாடுகளிலிருந்து சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

142 தாய்மார்கள்

நீண்ட காலமாக இக்கோளாறுக்கு இருந்த சிகிச்சை, பெருகிய பனிக்குட நீரை ஊசி மூலம் மீண்டும் மீண்டும் வெளியேற்றுவதே. அது விளைவைக் குறைத்ததே தவிர, காரணத்தை நீக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியாவும் அவருடைய குழுவினரும் வேறொரு வழியைக் கையாண்டு, 1990இல் அதனை வெளியிட்டனர். கருப்பைக்குள் மெல்லிய உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, இணைந்திருக்கும் இரத்தக் குழாய்களை லேசரால் அடைப்பதே அவ்வழி.

இரண்டில் எது மேல்? ஐரோப்பிய மருத்துவர்கள் ஒன்றிணைந்து நடத்திய 'யூரோஃபீட்டஸ்' ஆய்வு இதற்கு விடை தந்தது. 142 தாய்மார்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். இடைக்கால மதிப்பீட்டிலேயே லேசர் சிகிச்சையின் நன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. 2004இல் வெளியான முடிவுகளின்படி, குறைந்தது ஒரு குழந்தையேனும் பிறந்து 28 நாட்கள் உயிருடன் இருந்த கருப்பங்கள் லேசர் பிரிவில் 76 விழுக்காடு; நீர் அகற்றிய பிரிவில் 56 விழுக்காடு. ஆறு மாத வயதில் நரம்பியல் பாதிப்பு ஏதுமின்றி இருந்த குழந்தைகள் முறையே 52 விழுக்காடு, 31 விழுக்காடு.

லேசர் எல்லாக் குழந்தைகளையும் காப்பதில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. எனவே ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. ஐந்து ஐரோப்பிய மையங்களில் 274 தாய்மார்கள் பங்கேற்ற 'சாலமன்' ஆய்வின் முடிவுகள் 2014இல் வெளியாயின. குழாய்களைத் தனித்தனியே அடைப்பதுடன், நஞ்சுக்கொடியின் குறுக்கே ஒரு முழுக் கோடாகவும் லேசர் செலுத்தியபோது, கோளாறு மீண்டும் தோன்றுவது 7 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைந்தது.

சிசேரியன் கட்டாயமா?

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பன்னாட்டு ஆய்வே விடை தந்துள்ளது. கனடாவிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட இரட்டையர் பிரசவ ஆய்வில் 25 நாடுகளின் 106 மையங்களைச் சேர்ந்த 2804 தாய்மார்கள் பங்கேற்றனர். அனைவருக்கும் முதல் குழந்தையின் தலை கீழ்நோக்கி இருந்தது. கருப்பம் 32 வாரங்களைக் கடந்திருந்தது. குழந்தையின் இறப்பு அல்லது கடுமையான பாதிப்பு, சிசேரியனுக்குத் திட்டமிட்ட பிரிவில் 2.2 விழுக்காடு; சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்ட பிரிவில் 1.9 விழுக்காடு. இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று என்பதே 2013இல் வெளியான முடிவு.

இதன் பொருள், தகுந்த நிலையில் உள்ள இரட்டையருக்குச் சுகப்பிரசவத்தைத் திட்டமிடலாம் என்பதே. ஆயினும் அவ்வாறு திட்டமிட்ட தாய்மார்களில் 100க்கு ஏறத்தாழ 44 பேருக்கு இறுதியில் சிசேரியன் தேவைப்பட்டது. எனவே, இரண்டுக்கும் ஆயத்தமான மருத்துவமனையில் பிரசவம் நிகழ்வது அவசியம்.

ஒப்புதல் படிவத்தின் முன் தயக்கம்

ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தைக் காட்டும்போது, "எங்கள் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்யப் போகிறீர்களா?" என்று சிலர் கேட்கின்றனர். அச்சம் இயல்பானதே. எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பின்னரே தொடங்கும். மறுக்கும் உரிமையும், இடையில் விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அதனால் உங்கள் சிகிச்சை குறையாது. ஒரு சிகிச்சையின் மேன்மை தெளிவானதும் ஆய்வு நிறுத்தப்படும் என்பதற்கு மேலே கூறிய யூரோஃபீட்டஸ் ஆய்வே சான்று. அந்த 142 தாய்மார்கள் கடும் கவலையில் இருந்த நேரத்திலும் இசைவு தந்தார்கள். இன்று எந்த நாட்டில் இக்கோளாறு கண்டறியப்பட்டாலும், மருத்துவர் தயங்காமல் வழிகாட்ட முடிவது அவர்களால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

நஞ்சுக்கொடியின் எண்ணிக்கையை மிகத் தெளிவாக அறியத்தக்க காலம் 11 முதல் 14 வாரங்கள். பனிக்குடங்களுக்கு இடையேயுள்ள சவ்வு, நஞ்சுக்கொடியுடன் சேரும் இடத்தில் முக்கோணம் போலத் தடித்திருந்தால் நஞ்சுக்கொடி இரண்டு; மெல்லிய கோடாகச் சென்று சேர்ந்தால் ஒன்று. நாட்கள் செல்லச் செல்ல இவ்வடையாளம் மங்கிவிடும். "முதல் ஸ்கேன் ஊரிலேயே இருக்கிறது, டாக்டர்" என்று ஆறாம் மாதத்தில் கூறும்போது, விடையைத் தேடி நாங்கள் திணற நேரிடுகிறது.

முதல் ஸ்கேன் அறிக்கையைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். சிசுவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம். நஞ்சுக்கொடியின் எண்ணிக்கையைக் கேட்பதோ உங்கள் உரிமை; அதனைத் தயங்காமல் கேளுங்கள்.

நஞ்சுக்கொடி ஒன்று எனில், 16 வாரம் முதல் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று இடையில் ஒன்றையும் தவறவிடாதீர்கள். நஞ்சுக்கொடி இரண்டு எனில், உங்கள் மருத்துவர் கூறும் இடைவெளி போதும்.

சில நாட்களுக்குள் வயிறு திடீரெனப் பெரிதாதல், வயிற்றில் இறுக்கம், மூச்சுத்திணறல், சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எதனைக் கண்டாலும் அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திராமல், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.