வில்வண்டியும் எங்கள் குவாலிஸும்

"ஊருக்குப் போகலாமாம்மா?" என்று கேட்டால் போதும். ஒரு காலத்தில் என் தாயார் இரண்டு நாள் முன்னதாகவே பையைக் கட்டி வாசலில் வைத்துவிடுவார். எங்கள் கிராமம் அரூர் பக்கத்தில் இருக்கிறது. அல்சூரிலிருந்து காலையில் புறப்பட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பொங்கலுக்கு ஒருமுறை, மாரியம்மன் திருவிழாவுக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு பயணம் எங்களுக்கு வழக்கம்.

அப்படிப்பட்ட அம்மா 2022லிருந்து ஏதாவது காரணம் சொல்லி வீட்டிலேயே தங்கிவிட ஆரம்பித்தார். "எனக்கு என்னடா ஊரு, நீங்க போயிட்டு வாங்க" என்பார். வயது எழுபத்திரண்டு ஆகிவிட்டது, ஆசை குறைந்துவிட்டது என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். உண்மை அதுவல்ல என்று தெரிய இரண்டு ஆண்டு ஆயிற்று. அதைக் கண்டுபிடிக்க உதவியவர் மருத்துவர் அல்லர், கலாசிபாளையத்தில் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய்.

எங்களிடம் இருப்பது டொயோட்டா குவாலிஸ். நம் ஊருக்குப் பக்கத்துப் பிடதியில் பிறந்த வண்டி. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. 2005ல் அதை நிறுத்திவிட்டு அதே ஆலையில் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். என் தந்தையார் பணி ஓய்வு பெற்ற கையோடு 2004ல் வாங்கியது இது. பாட்டி, சித்தப்பா குடும்பம், பாத்திரம் பண்டம், அரிசி மூட்டை என்று எல்லோரையும் எல்லாவற்றையும் சுமந்த வண்டி. அப்பா 2016ல் காலமானார். அதன் பிறகு வண்டியை விற்பதா வைத்திருப்பதா என்ற பேச்சு வீட்டில் ஓயவில்லை. "புது வண்டி வாங்கலாம்ப்பா" என்பது மகன் கட்சி. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பது என் கட்சி. அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

வில் என்றால் என்ன?

நம் தாத்தாக்கள் காலத்தில் பார வண்டி வேறு, வில்வண்டி வேறு. பார வண்டியில் அச்சின் மீது நேராகச் சட்டம் உட்கார்ந்திருக்கும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகள் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். மிராசுதாரர்களும் கல்யாணப் பெண்களும் அதில் போனார்கள். 1893ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் துணிந்து ஓட்டிச் சென்றதும் ஒரு வில்வண்டியைத்தான்.

அதே வில்தான் இன்றும் குவாலிஸ், பொலேரோ போன்ற வண்டிகளின் பின்சக்கரங்களுக்கு மேலே லீஃப் ஸ்பிரிங் என்ற பெயரில் இருக்கிறது. குவாலிஸின் முன்பக்கத்தில் வில்லுக்குப் பதிலாக டார்ஷன் பார் என்ற நீண்ட எஃகுக் கம்பி இருக்கிறது. சக்கரம் மேலே ஏறும்போது ஈரத்துணியைப் பிழிவதுபோல் இந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும், பிறகு தானாகத் திரும்பும்.

ஸ்பிரிங்கின் வேலை பாரத்தைத் தாங்குவது. ஆனால் ஒரு குழியில் விழுந்தால் அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டிவிட்ட ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்துகிறோம் அல்லவா, அந்தக் கைதான் ஷாக் அப்சார்பர். அதன் குழாய்க்குள் எண்ணெயும், சிறு துளைகள் உள்ள பிஸ்டனும் இருக்கின்றன. எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறி அடங்குகிறது. மேடுபள்ளச் சாலையில் போய்வந்த வண்டியின் ஷாக்கைத் தொட்டால் சுடுவது அதனால்தான். இவை தவிர, இரும்போடு இரும்பு உரசாமல் காக்கும் ரப்பர் புஷ்களும், சக்கரத்தை எல்லாப் பக்கமும் திரும்பவிடும் பால் ஜாயிண்டுகளும் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன்.

நான் செய்த தவறு

நம் பெங்களூர்ச் சாலைகளைப் பற்றி அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, வட்ட வடிவ வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அதாவது வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் தெருக்களிலோ, ஒரே இரவில் யாரோ கொட்டிவிட்டுப் போன தார்க்குவியல்கள்தான் அதிகம்.

இப்படி ஓடிய வண்டி 2022 வாக்கில் தளர்ந்து போனது. பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. பிரேக் போட்டால் மூக்கு குத்தியது. ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். "சார், ஹெவி டியூட்டி ஷாக் போடலாம், பின்னாடி ஒரு பட்டை எக்ஸ்ட்ரா சேர்க்கலாம், முன்னாடி டார்ஷன் பாரை ஏத்திடலாம், வண்டி சும்மா ஜம்முனு நிக்கும்" என்றார்கள். தலையாட்டினேன். வண்டியும் ஜம்மென்று நின்றது. பார்க்க உயரமாக, கம்பீரமாக இருந்தது. ஓட்டும் இடத்தில் உட்கார்ந்த எனக்குச் சற்று இறுக்கமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அம்மா உட்காருவது நடு சீட்டில். அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவே இல்லை.

பாய் காட்டிய ஆட்டம்

சொந்த உபயோக வண்டிகளுக்குப் பதிவு 15 ஆண்டு. அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குத் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 2019ல் ஒருமுறை முடிந்தது. 2024ல் மறுபடி வந்தது. அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்லி இந்த பாயிடம் போனேன். வாணியம்பாடிக்காரர், நாற்பது வருடமாகப் பெங்களூரில் இருக்கிறார்.

அவர் முதலில் வண்டிக்கு அடியில் போகவில்லை. டயரைக் கையால் தடவினார். "இங்க பாருங்க சார்" என்று என் விரலைப் பிடித்து வைத்தார். டயரின் மேற்பரப்பு சில இடத்தில் மேடாகவும் சில இடத்தில் குழியாகவும் இருந்தது. சக்கரம் சாலையில் ஒட்டி ஓடாமல் தத்தித் தத்திப் போனதன் அடையாளம் அது. பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துக் காட்டினார். கீழ் பால் ஜாயிண்டில் பந்து அதன் கிண்ணத்துக்குள் ஆடியது. மேலே இருந்த ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், செம்மண்ணும் தண்ணீரும் புகுந்திருந்தன.

"ஷாக் போனா உடம்பு வலிக்கும். இது போனா சக்கரமே மடங்கிடும். ஹோசூர் ரோட்டுல எண்பதுல போறப்ப மடங்கினா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. அதற்கு முந்தைய வாரம்தான் மகன் நண்பர்களை ஏற்றிக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போய்வந்திருந்தான்.

டார்ஷன் பாரை அளவுக்கு மேல் ஏற்றியதால் பால் ஜாயிண்ட் எப்போதும் சாய்ந்த கோணத்தில் நின்று, உறை சீக்கிரம் கிழிந்திருக்கும் என்பது பாயின் கணிப்பு. உயரத்தை ஏற்றினால் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடமும் குறைந்துபோகும். அதனால்தான் ஒவ்வொரு குழியிலும் இடித்தது. "இது பாரம் ஏத்துற வண்டியா, மலை ஏறுற வண்டியா? ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் போற வண்டி. கம்பெனியில என்ன இருந்ததோ அதையே போடுங்க" என்று முடித்தார்.

ஜே.சி. ரோட்டில் ஒரு நாள்

குவாலிஸ் நின்று இருபது ஆண்டு ஆகிறதே, பாகங்கள் கிடைக்குமா என்று பயந்தேன். ஜே.சி. ரோட்டில் கிடைக்காதது எது? பட்டியலை எழுதி பாயே கூட வந்தார். நம் ஊர்ப் பெயர்களும் அங்கே அகப்பட்டன. ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளுக்குப் பேர்போன ரானே குழுமம் சென்னையில் 1929ல் தொடங்கியது. ஷாக் அப்சார்பர் செய்யும் கேப்ரியேல் நிறுவனத்துக்கு நம் ஓசூரில் ஓர் ஆலை இருக்கிறது.

ஒரு கடையில் பழைய பால் ஜாயிண்டையே பிரித்து அடைத்துப் புதிதுபோல் தருவதாகச் சொன்னார்கள். விலை பாதிக்கும் குறைவு. பாய் என்னை வெளியே இழுத்து வந்துவிட்டார். "புஷ்ஷுல மிச்சம் பிடிங்க, ஷாக்குல மிச்சம் பிடிங்க. இதுல வேண்டாம்" என்றார்.

வேலை மூன்று நாள் நடந்தது. முன்பக்கம் இரு புறமும் மேல், கீழ் பால் ஜாயிண்டுகள், ஆர்ம் புஷ்கள், நான்கு ஷாக்குகள், பின்பக்க ஷாக்கிள் புஷ்கள், புது யு போல்ட்டுகள் எல்லாம் மாற்றினோம். கூடுதலாகச் சேர்த்த பட்டையைக் கழற்றி எறிந்து, களைத்துப்போன பட்டைக் கட்டுக்குப் பதிலாகப் பழைய அளவிலேயே புதுக் கட்டு போட்டோம். டார்ஷன் பாரை இரு பக்கமும் அளந்து பழைய உயரத்துக்கு இறக்கினார். கடைசியில் வீல் அலைன்மென்ட். எல்லாம் சேர்ந்து, புது வண்டிக்கு முன்பணமாகக் கேட்ட தொகையில் கால் பங்குகூட ஆகவில்லை.

அன்பர்களுக்குச் சில குறிப்புகள்

பழைய வண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் உண்டு. நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஷாக்கை ஒற்றையாக மாற்றாதீர்கள். முன் இரண்டு அல்லது பின் இரண்டு என்று ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் போடும்போதும் வளைவிலும் வண்டி ஒரு பக்கம் ஒருமாதிரி நடந்துகொள்ளும்.

வண்டியின் மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். கனமான வண்டியில், பட்டைகளின் உரசலே ஆட்டத்தை அடக்கிவிடும். எண்ணெய் வழிந்திருக்கிறதா, டயர் குழிக்குழியாகத் தேய்ந்திருக்கிறதா, பிரேக்கில் மூக்கு குத்துகிறதா என்று பாருங்கள்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுவதும் இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால், வண்டி நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும். பல பட்டறைகளில் அவசரத்தில் விட்டுவிடும் காரியம் இது. பக்கத்தில் நின்று கேளுங்கள்.

பட்டைக் கட்டைக் கழற்றினால் யு போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் பழைய பால் ஜாயிண்டை இன்றும் மேஜையில் வைத்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரி தாண்டி

தகுதிச் சோதனையில் வண்டி தேறியது. திருவிழா வந்தது. "நீ வரணும்மா, வண்டியைச் சரி பண்ணிட்டேன்" என்றேன். அரை மனதாகத்தான் ஏறினார். அத்திப்பள்ளி வரைக்கும் முன்சீட்டின் முதுகைக் கெட்டியாகப் பிடித்திருந்த கை, ஓசூர் தாண்டியதும் மடிக்கு வந்தது. சூளகிரிப் பக்கம் கண்ணாடியில் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தார். விழித்ததும், "கிருஷ்ணகிரி தாண்டிட்டோமா?" என்று கேட்டார்.

அன்று இரவு ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். "இத்தனை நாளா இடுப்பு வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா வித்துடுவீங்க. உங்கப்பா வாங்கின வண்டியை நானே குறை சொல்றதாடா?" என்றார்.

அன்பர்களே, பட்டறைக்குப் போகும் முன்னால், உங்கள் வண்டியில் பின்னால் உட்காரும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஓட்டுகிறவனுக்குத் தெரியாத ஆட்டம் அவர்களுக்குத் தெரியும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.