உரியதைப் பெற விலை ஏன்?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த குயிலாப்பாளையம் முந்திரித் தோப்புகள் நிறைந்த செம்மண் பூமியாகும். 1968-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரை ஒட்டி இருப்பதால், பிரான்சு, ஜெர்மனி முதலிய நாட்டினரை இவ்வூரார் நாள்தோறும் காண்கின்றனர். "அவர்கள் நாட்டிலும் பட்டா மாற்றுவதற்குக் கைக்கூலி கொடுக்க வேண்டுமா?" என்று ஒரு குடியானவர் கேட்பாரேயானால், அது நியாயமான கேள்வியே ஆகும்.

மேலை நாடுகளிலும் ஊழல் உண்டு. ஆனால், சான்றிதழ் பெறவோ நிலத்தைப் பதிவு செய்யவோ சென்ற குடிமகன் பணத்தை மடித்துக் கொடுப்பது அங்குப் பெரும்பாலும் அரிது. பெரிய ஒப்பந்தங்களிலும் தேர்தல் நிதிகளிலுமே ஊழல் அங்குத் தலைகாட்டுகிறது. ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனி, பல நாடுகளில் ஒப்பந்தம் பெற லஞ்சம் கொடுத்ததற்காக, 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சுமார் 160 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. அயல்நாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தைச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளவும் 1990-களில் அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுத்தது. ஆகவே, மேலை நாட்டார் யாவரும் உத்தமர் என்று கருத இடமில்லை.

வளரும் நாடுகளில் பெரிய ஊழலோடு சில்லறை லஞ்சமும் சேர்ந்து நிற்கிறது. சட்டத்திற்கு மாறான சலுகைக்காக மட்டுமன்று, சட்டப்படி தமக்கு உரியதைப் பெறுவதற்கே மக்கள் பணம் கொடுக்கின்றனர். 1962-இல் அமைக்கப்பெற்று 1964-இல் அறிக்கை அளித்த கே. சந்தானம் குழு, காகிதம் நகர்வதற்காகக் கொடுக்கப்படும் 'விரைவுப் பணம்' பற்றி எச்சரித்தது. இப்பணம் தாமதத்தைப் போக்குவதில்லை, தாமதத்தை வளர்க்கிறது என்பதே அக்குழு கண்ட உண்மை. பணம் வரும் என்று தெரிந்தால், காகிதத்தை நிறுத்தி வைப்பதே இலாபமாகி விடுகிறதன்றோ?

இச்சுமை யார் தலையில் விழுகிறது? செல்வருக்கு 1,000 ரூபாய் சில்லறைக் காசு. கூலியாளுக்கோ அது சில நாள் உழைப்பு. கொடுக்க வகையற்ற விதவையின் உதவித்தொகை மனு கட்டின் அடியிலேயே கிடக்கும்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் பிறவிக் குணமன்று, ஏற்பாடேயாகும். இங்கிலாந்தில் இராணுவ அதிகாரிப் பதவிகள் 1871 வரை விலைக்கு விற்கப்பட்டன. நியூயார்க் நகரில் நீதிமன்றக் கட்டடச் செலவில் வில்லியம் ட்வீட் கூட்டத்தார் அடித்த கொள்ளையும் அவ்வாண்டிலேயே பத்திரிகைகளால் அம்பலமாயிற்று. பிறகு, தேர்வின் வழியே அலுவலரை நியமிக்கும் முறை அமெரிக்க மத்திய அரசில் 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேரூன்றியது. அரசு ஏடுகளைக் குடிமக்கள் பார்வையிடும் உரிமையை சுவீடன் 1766-லேயே வழங்கியிருந்தது.

நமக்கும் இது புதிதன்று. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று 10-ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு விதித்தது.

இன்று நம் கையிலும் கருவிகள் உள்ளன. மனுக் கொடுத்தவுடன் ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். தாமதமாயின், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, மனு எந்த நிலையில் உள்ளது என்று வினவலாம். 30 நாட்களுக்குள் விடை தருதல் கடமை. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர்க்குக் கட்டணமும் இல்லை. லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஆயினும், வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புலனாய்வுத் துறையினரிடம் தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. 1964-இல் நிறுவப்பட்ட தமிழக ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இத்தகைய புகார்களை விசாரிக்கிறது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களின் பொறுப்பு இதனினும் பெரிது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் வரவு செலவை உரக்கப் படித்துக் காட்டுதல் வேண்டும். பயனாளிகளின் பெயர்ப் பட்டியலையும் எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டி வைத்தல் நலம். கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதலாகாது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? கணக்கைத் திறந்து வைக்கும் ஊரில், விதவையின் மனு விலையின்றி நகரத் தொடங்கும்.