உத்திரங்களை இணைக்கும் மூட்டுகள்: ஆனைகட்டிப் பகுதியில் வீடு கட்டுவோர்க்கு

கோயமுத்தூருக்கு வடமேற்கே, தமிழ்நாடும் கேரளமும் கூடும் எல்லையில் ஆனைகட்டி அமைந்துள்ளது. எல்லைக்கு அப்பால் உள்ள அட்டப்பாடியின் மேற்குப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெய்கிறது. அதன் கிழக்குப் பகுதியோ மழை மறைவில் கிடப்பதால் வறட்சி மிக்கது. ஈரமும் வறட்சியும் இவ்வளவு நெருங்கியுள்ள இடத்தில், உத்திரங்கள் கண்ணுக்குப் புலப்படும்படி வீடு கட்டுவோர் மரத்தின் வகையைப் போலவே மூட்டின் வகையையும் ஆராய்தல் வேண்டும். தலைக்கு மேல் நிற்கும் பாரத்தைத் தாங்குவதில் மரத்துக்குள்ள பொறுப்பு மூட்டுக்கும் உண்டு.

நீண்டு பருத்த மரங்கள் இன்று எளிதிற் கிடைப்பதில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின், காடுகளில் மரம் வெட்டுவது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே குறுகிய மரங்களை இணைத்து உத்திரமாக்கும் தேவை முன்னினும் மிகுந்துள்ளது.

மரம் காற்றிலுள்ள ஈரத்திற்கேற்ப விரியும், சுருங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சிறிது. குறுக்குவாட்டிலேயே அது பெரிது. பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை, தேக்கு தன் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 5 விழுக்காடு சுருங்குகிறது. ஈரம் 30 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தால் சுருக்கம் சுமார் 3 விழுக்காடு ஆகும். அப்போது 5 சென்டிமீட்டர் பருமனுள்ள முளை ஒன்று 1.5 மில்லிமீட்டர் மெலியும். செதுக்கியபோது இறுகியிருந்த முளை, சில கோடைகளுக்குப் பின் துளைக்குள் ஆடத் தொடங்குவதன் காரணம் இதுவே. இதனாலேயே கட்டுமான மரத்தின் ஈர அளவை வகுக்கும் இந்தியத் தர விதி, நாட்டைத் தட்பவெப்ப நிலைக்கேற்ப நான்கு மண்டலங்களாகப் பிரித்துள்ளது.

இனி, மூட்டு எங்கே அமைய வேண்டும் என்பதைக் காண்போம். இரு முனைகளிலும் தாங்கப்பட்டு, நீளம் முழுவதும் சமமான பாரம் ஏற்ற உத்திரம் நடுவிலேதான் மிகுதியாக வளைய முற்படும். தாங்குமிடத்தில் அவ்வளைவு விசை இல்லை. செவ்வக உத்திரத்தின் வலிமை அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரத்திற் பாதியை வெட்டி எடுத்தால், அவ்விடத்தில் எஞ்சும் வலிமை பாதியன்று, கால் பங்கேயாம். ஆதலின் இரு மரங்களைப் பாதி பாதியாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியச் செய்யும் மூட்டு, தூணின் மேலோ சுவரின் மேலோ அமைவதே முறை. இரு தாங்கிகளுக்கு நடுவே அதனை அமைப்பது ஆபத்தானது.

சிறு விட்டங்களைப் பெரிய உத்திரத்திற் செருக வேண்டுமாயின், துளையை உத்திரத்தின் உயரத்தின் நடுப்பகுதியில் இடுக. வளையும் உத்திரத்தின் மேற்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும், நடுவே இவ்விரு விசைகளும் மிகக் குறைவு. கீழ்ப்பக்கத்தில் வெட்டுப் போட்டால் அதன் மூலையிலிருந்து மரம் நீளவாட்டிற் பிளக்கக்கூடும்.

இழுவிசை தாங்கும் குறுக்கு மரங்களுக்குப் பலர் புறாவால் மூட்டையே விரும்புவர். அது காண அழகியது. ஆயினும் வால் போன்ற பகுதி சுருங்கியபின் அது சிறிது சிறிதாக நழுவும். முளையைத் துளையின் மறுபுறம் வரை செலுத்தி, அதன் தலையில் ஆப்பு அறைந்து நிறுத்தும் மூட்டே வறண்ட பகுதிக்கு ஏற்றது. மரம் சுருங்கிய பின்னும் ஆப்பை மறுபடி தட்டி இறுக்கலாம். இரும்பு ஆணிக்கு அவ்வசதி இல்லை. ஈர மரத்தில் அது துருவும் பிடிக்கும்.

இவ்வுண்மை நம் தச்சர்களுக்குப் புதிதன்று. மயமதம் என்னும் சிற்பநூல் மரப் பொருத்துகளுக்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளது. கேரளக் கூரைகளில் கைமரங்களைத் துளைத்து, வளை என்னும் குறுக்குச் சட்டத்தை ஊடே செலுத்திப் பிணைப்பது வழக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில், 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனை இம்மரபின் சிறப்பை இன்றும் காட்டுகிறது.

ஆகவே ஆனைகட்டியில் வீடு கட்டுவோர் மூன்று செயல்களை மேற்கொள்ளுதல் நலம். மரத்தை அவ்வூர்க் காற்றிலேயே நிழலில் உலர்த்திப் பின்பு செதுக்குக. மூட்டுகளைத் தாங்கிகளின் மேல் அமைக்குக. ஆண்டுதோறும் கோடையின் இறுதியில், மழை தொடங்குமுன், ஒவ்வோர் ஆப்பையும் தட்டிப் பார்க்குக. உத்திரத்தை மறைக்காது விடுவதன் பெரும்பயன் இதுவே: தளரும் மூட்டு, முறியுமுன் கண்ணிற் படும்.